மொரிநாமியின் பாராட்டுப் புத்தகம்

"ஊசி போட்டு அரை மணி ஆச்சு தம்பி, இப்பவே அவரு வாயில ஏதாச்சும் போகலன்னா..."

"ஆன்டி, கொஞ்சம் மெதுவா. இங்க அமைதியும் ஒரு ருசி, அதை நாங்க..."

"ருசிய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சோறு..."

"சோறுன்னு சொல்லாதீங்க ஆன்டி. நாங்க அதைப் பயணம்னுதான்..."

"சரி, அந்தப் பயணத்துல ரெண்டு கரண்டி போட்டுக் கொண்டாங்க."

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், மொரிநாமி என்னும் ஜப்பானியக் கலப்பு உணவகத்தில், நடுப்பகல் பன்னிரண்டே முக்காலுக்கு இந்தப் பேச்சு நடந்தது. சோறு கேட்டவர் பேச்சியம்மாள். மறுத்தவர் லோகேஸ்வரன், கறுப்பு அங்கி, வெள்ளைக் காலுறை, நெஞ்சில் ஒரு மூங்கில் சில்லு. அந்தச் சில்லில் 'பயண வழிகாட்டி' என்று எழுதியிருந்தது. வாசலில் விருந்தினர்களை ஜப்பானிய மொழியில் வரவேற்றவரும் அவர்தான். சொந்த ஊர் அதே மாநிலத்துச் சிற்றூரான காஹாங். அதை யாரும் கேட்காதவரை அவர் சொல்வதில்லை.

ஊசி போட்டுக்கொண்டவர் பேச்சியம்மாளின் கணவர் ராஜசேகரன். அன்று அவருக்கு எழுபது வயது நிறைந்திருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ரயில் நிலையங்களில் வேலை பார்த்து, சிகாமட்டில் ஓய்வு பெற்றவர். ரயில்கள் பிந்தி வந்ததை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர், அட்டவணையை மட்டும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் இன்சுலின் போடும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மொரிநாமியின் அழைப்பிதழில் 'பன்னிரண்டு முப்பது' என்று அச்சிட்டிருந்தது. ஆகவே பன்னிரண்டு பதினைந்துக்கு, கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு போடலாமே என்று பேச்சியம்மாள் சொன்னதற்கு, அச்சடித்த நேரத்தை நம்பாவிட்டால் வேறு எதைத்தான் நம்புவது என்று கேட்டார்.

ஏற்பாடு முழுவதும் மகள் லோஷினியுடையது. சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்துப் பாலம் தாண்டி நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். இந்த இடத்தில் இருக்கை கிடைக்க நான்கு மாதம் காத்திருந்தாளாம். இருக்கை கிடைத்ததும் மொரிநாமி முப்பத்தொரு கேள்விகள் அனுப்பியது. உங்கள் குழந்தைப் பருவத்தின் வாசனை எது என்பது நான்காவது கேள்வி. ராஜசேகரன் 'டீசல்' என்று எழுதினார். மழையை எந்தக் கையால் தொடுவீர்கள் என்பது பதினெட்டாவது. உடம்புக்கு ஏதாவது உண்டா என்று முப்பத்தொன்றில் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அது கோயிலிலும் உள்ளதுதான். பிறகு கைத்தொலைபேசிகளை வாங்கி ஒரு மரப்பெட்டியில் வைத்தார்கள். பிறகு பேச்சியம்மாளின் கைப்பையையும் கேட்டார்கள். அதற்கு 'விடுதல் அறை' என்று ஓர் அறை இருந்தது. உலகச் சுமைகளை அங்கே விட்டுவிட்டு வந்தால்தான் நாக்கு திறக்குமாம். பேச்சியம்மாளின் உலகச் சுமை என்பது ராஜசேகரனின் மூக்குக்கண்ணாடி, ஊசிப் பேனா, ஒரு பொட்டலம் முறுக்கு, அவசரத்துக்கு வைத்திருந்த குளுக்கோஸ் மிட்டாய் ஆறு. கதவு பூட்டப்பட்டது. பயணம் முடியும்போதுதான் திறப்பார்களாம்.

உள்ளே ஒற்றை மரப்பலகையில் செய்த நீண்ட மேசை. அதன் முன்னால் முதுகு இல்லாத ஏழு இருக்கைகள். சிங்கப்பூரிலிருந்து வந்த இளம் சீனத் தம்பதி ஒரு மூலையில் இருந்தார்கள். நடுவில் ஜொகூர் பாருவில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் யுகேந்திரனும் அவர் மனைவி வசந்தினியும். இந்தப் பக்கம் ராஜசேகரனும் பேச்சியம்மாளும். ஏழாவது இருக்கை லோஷினிக்கு. அது காலியாக இருந்தது.

மொரிநாமியின் முதல் விதி அங்கேதான் இருந்தது. ஏழு பேரும் உட்கார்ந்தால்தான் முதல் தட்டு வரும். ஆறு பேர் ஏழு பேராக மாட்டார்கள் என்பதை லோகேஸ்வரன் மூன்று விதமாக விளக்கினார். ஏழு மூச்சு சேர்ந்தால்தான் சமையல்காரரின் கத்திக்கு உயிர் வருமாம்.

விளக்கிக்கொண்டிருந்தபோதே மரப்பெட்டிக்குள் பேச்சியம்மாளின் தொலைபேசி அடித்தது. முருகன் பாட்டு. லோஷினிதான் கூப்பிடுகிறாள் என்று பேச்சியம்மாள் எழுந்தார். பெட்டியைத் திறக்கக் கூடாது, ஆனால் கேட்கலாம், உள்ளிருந்து கேட்டால் அதுவும் இசைதான் என்றார் லோகேஸ்வரன். எட்டுமுறை அடித்து ஓய்ந்தது. எட்டுமுறையும் எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் ராஜசேகரனின் குணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல நிலையில் அவர் எதற்கும் ஒத்துப்போகிறவர் அல்லர். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, தூறல்தான் என்று திருத்துவார். ஆனால் ரத்தத்தில் சீனி இறங்கினால் எல்லாவற்றுக்கும் 'சரிதான்' என்பார். போன ஆண்டு கோயில் கூட்டம் இழுத்துக்கொண்டு போன ஒரு நாளில் இப்படித்தான் இறங்கி, நான்கு முறை சரிதான் சொன்னார். ஐந்தாவதற்குள் அவரைச் செயலாளராக்கிவிட்டார்கள். அதற்கு மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதும் பேச்சியம்மாளுக்குத் தெரியும். ஒருமுறை குளியலறை வாசலில் அவரைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறார்.

லோகேஸ்வரன் குனிந்து, "இருக்கை காலியா இருக்கறதும் ஒரு விருந்தாளிதான், அங்கிள்," என்றார்.

"சரிதான்," என்றார் ராஜசேகரன்.

பேச்சியம்மாள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று.

அவர் சத்தம் போட்டதன் பலனாக, காத்திருப்பவர்களுக்கு என்றே உள்ள ஒரு சிறப்பு அங்கத்தைக் கொண்டுவர லோகேஸ்வரன் இசைந்தார். ஆறு பேர் முன்னாலும் மூடி போட்ட கறுப்புக் கிண்ணங்கள் வந்தன. மணி அடித்ததும் திறக்கச் சொன்னார்கள். ஆவி வந்தது. மறு மணி அடித்ததும் மூடச் சொன்னார்கள். கிண்ணத்துக்குள் ஒன்றும் இல்லை. அங்கத்தின் பெயர் 'காத்திருப்பு'. யுகேந்திரன் தன் மனைவியிடம், இதில் ஏதோ கடல் வாடை இருந்தது, கவனித்தாயா என்று கேட்டார். அவர் கவனித்ததாகச் சொன்னார்.

அடுத்து ஆளுக்கொரு கல் வந்தது. ஆற்றுக் கூழாங்கல், வெதுவெதுப்பாக. இன்று நாம் உண்ணப்போகும் சோற்றின் எடை சரியாக இவ்வளவுதான், அதைக் கை முதலில் அறிந்துகொள்ளட்டும் என்றார் லோகேஸ்வரன். பேச்சியம்மாள் கல்லைப் பார்த்தார். சிகாமட் வீட்டில் பூனைக்கு வைக்கும் சோறு இதைவிடக் கூடுதல். ஏதோ சொல்லப்போய்த் திரும்பினால், ராஜசேகரன் கல்லை வாயருகே கொண்டுபோயிருந்தார். நெற்றியில் வேர்வை. பேச்சியம்மாள் கையைத் தட்டிக் கல்லைப் பிடுங்கினார்.

"விடுங்க ஆன்டி," என்றார் லோகேஸ்வரன், கை கூப்பியபடி. "கடை திறந்து ரெண்டு வருசம் ஆச்சு. கல்லோட அர்த்தத்தை வாய் வரைக்கும் கொண்டுபோன முதல் ஆள் அங்கிள்தான்."

"சரிதான்," என்றார் ராஜசேகரன். இரண்டு.

அப்போதுதான் பாராட்டுப் புத்தகம் வந்தது. கைக்காகிதத்தில் தைத்த தடிமனான புத்தகம், பட்டு உறை. எல்லா உணவகங்களிலும் சாப்பிட்ட பிறகு எழுதுவார்கள். மொரிநாமியில் சாப்பிடும் முன்னால் எழுத வேண்டும். சாப்பிட்ட பிறகு எழுதினால் வயிறுதான் எழுதும், முன்னால் எழுதினால்தான் மனசு எழுதும் என்று லோகேஸ்வரன் காரணம் சொன்னார். பல் மருத்துவர் அரைப் பக்கம் எழுதினார். சிங்கப்பூர்த் தம்பதி ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். பேச்சியம்மாள் எழுத மறுத்து, சோறு வந்ததும் எழுதுவதாகச் சொன்னார். ராஜசேகரன் கண்ணாடி இல்லாமலே பேனாவை வாங்கி, சிரித்த முகத்துடன் எழுதித் தள்ளினார். புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் படித்த லோகேஸ்வரன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கைப்பையைக் கேட்டும் விடுதல் அறை திறக்கவில்லை; பேச்சியம்மாள் இப்போது சீனி மட்டும் கேட்டார். ஒரு கரண்டி வெறும் சீனி. இது தன்னால் முடிவு செய்யக்கூடியது அல்ல என்று லோகேஸ்வரன் உள்ளே போய், தலைமைச் சமையல்காரரை அழைத்துவந்தார்.

தலைமைச் சமையல்காரர் தயானந்தன் ஜப்பானில் பதினோரு நாள் இருந்தவர். அங்கே ஒரு கிழவரிடம் கத்தி துடைக்கக் கற்றுக்கொண்டதாகச் சுவரில் படத்தோடு போட்டிருந்தது. சமைக்கக் கற்றுக்கொண்டதாக எங்கும் போடவில்லை. அவர் வந்து கண்ணை மூடி நின்றார். பிறகு பேசினார். மொரிநாமியில் இனிப்பு ஏழாவது அங்கம். அதுவும் இனிப்பு அல்ல, இனிப்பின் ஞாபகம். ஆறைத் தாண்டாமல் ஏழுக்குப் போக முடியாது. ஒருவருக்காக வரிசையை மாற்றினால் நாளைக்கு எல்லாரும் தங்கள் பசிக்குத் தகுந்தபடி சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்; அப்புறம் இது சாப்பாட்டுக் கடையாகிவிடும்.

மேசையின் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. உள்ளே புகை. புகைக்குள் வெள்ளையாக ஒரு சிறு சதுரம். அதையாவது கொடுங்கள் என்றார் பேச்சியம்மாள்.

"அது ஐந்தாவது அங்கம், அம்மா. 'நிலத்தின் நினைவு'. மரவள்ளிக்கிழங்கு," என்றார் தயானந்தன். அவர் முகம் ஒளிவிட்டது. "ஜப்பானும் இந்த மண்ணும் எண்பது வருசத்துக்கு முன்னாடியே கைகுலுக்கிக்கிச்சு, தெரியுமா? யுத்த காலத்துல. அப்ப நம்ம ஜனங்க சோறு இல்லாம வெறும் கிழங்கு சாப்பிட்டாங்க. ஒரு கிழங்க நாலு பேரு பங்கு போட்டுக்கிட்டாங்க. எவ்ளோ எளிமை, எவ்ளோ கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டத்தான் நான் திரும்பக் கொண்டாந்திருக்கேன்."

"எங்க தாத்தா அந்தக் கட்டுப்பாட்ட முழுசா கத்துக்கிட்டாரு," என்றார் பேச்சியம்மாள். "தோட்டத்துலேருந்து லாரியில ஏத்தி, ரயில் ரோடு போடணும்னு சயாமுக்குக் கொண்டுபோனாங்க. திரும்பியே வரல."

தயானந்தன் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார்.

"ரொம்ப அழகு. இதை நாங்க மெனு அட்டையில போட்டுக்கலாமா?"

"சரிதான்," என்றார் ராஜசேகரன். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. மூன்று. வேர்வையில் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. விரல்கள் மேசைமேல் தந்தியடிப்பதுபோல் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

பேச்சியம்மாள் அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கழிவறை எங்கே என்று மட்டும் கேட்டார். லோகேஸ்வரன் ஒரு நீலத் திரையைக் காட்டினார்.

திரைக்கு அந்தப் பக்கம் கழிவறைக்குப் போகும் வழியில் சமையலறை இருந்தது. கழுவித் துடைத்த பலகைகள், வரிசையாகக் கத்திகள், இருபது முப்பது சிறு பாட்டில்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கிருந்தோ மிளகாய்ச் சம்பல் வாசம் வந்தது. பேச்சியம்மாள் மூக்கைத் தொடர்ந்து போனார். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே செக்கச் செவேலென்று பால் கலக்காத, சீனி போட்ட தேநீர், ஐஸ், ஓர் உறிஞ்சுகுழல். பக்கத்து அலமாரியில் பழுப்புத் தாளில் மடித்த சோற்றுப் பொட்டலம். தாளின் மேல் பேனாவால் 'தயா, முட்டை 2' என்று எழுதியிருந்தது. கீழே தரைத்தளக் கடையில் வாங்கிய, தலைமைச் சமையல்காரரின் மதிய உணவு.

பேச்சியம்மாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். உறிஞ்சுகுழலைக் கணவரின் உதட்டில் வைத்து, "இழுங்க," என்றார்.

"சரிதான்," என்று சொல்லி ராஜசேகரன் இழுத்தார்.

லோகேஸ்வரன் ஓடிவந்தார். மூங்கில் சில்லு ஆடியது. "ஆன்டி, ஐயோ, அலமாக், வெளிச் சாப்பாடு உள்ள கொண்டாரக் கூடாதுன்னு எத்தன தடவ..."

"நான் எங்கய்யா வெளிய போனேன்? உங்க ஆணியிலதான் தொங்குச்சு."

லோகேஸ்வரன் போய் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தார். பேச்சியம்மாள் பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, நிலக்கடலை, சம்பல், பொரித்த முட்டை இரண்டு. வாசம் ஒற்றைப் பலகை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று. பேச்சியம்மாள் விரலால் பிசைந்து கணவருக்கு ஒரு வாய் கொடுத்தார்.

பிறகு பல் மருத்துவர் யுகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது எத்தனையாவது அங்கம், எங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். சிங்கப்பூர்ப் பெண்ணும் அதையே ஆங்கிலத்தில் கேட்டாள்.

லோகேஸ்வரன் தயானந்தனைப் பார்த்தார். தயானந்தன் தன் மதியச் சாப்பாட்டைப் பார்த்தார். அது தன்னுடையது என்று சொன்னால், ஒன்பதாம் மாடியில் சமைப்பவர் தரைத்தளத்தில் வாங்கித் தின்கிறார் என்றாகும். அவர் கண்ணை மூடினார். முகத்தில் ஒரு வலி வந்து போயிற்று.

"எட்டாவது," என்றார். "அட்டையில இருக்காது. கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்."

அரக்குக் கரண்டிகள் வந்தன. மீதிச் சோறு ஐந்து சின்னக் குவியலாக்கப்பட்டது. முட்டையைத் தயானந்தனே, பதினோரு நாள் துடைக்கக் கற்ற கத்தியால், நூல் பிடித்தாற்போல் வெட்டினார். வெட்டும்போது கை நடுங்கியது. பாரம்பரியத்தின் நடுக்கம் என்று லோகேஸ்வரன் விளக்கினார். தனக்கு வந்த பங்கை முடித்துவிட்டு, யுகேந்திரன் வெறும் பழுப்புத் தாளை முகர்ந்து பார்த்தார். இப்படி ஒரு சம்பலை ஜப்பானில்தான் சாப்பிட முடியும் என்றார். அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. சிங்கப்பூர்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் இதில் எதையும் பார்க்கவில்லை. கணவரின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை அடங்கியது. விரல்கள் தட்டுவதை நிறுத்தின. தேநீர்ப் பை சுருங்கிப்போய்க் கடைசியில் கரகரவென்று சத்தம் போட்டது. ராஜசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து தன் இருக்கையைப் பார்த்தார்.

"இந்த நாக்காலிக்கு முதுகு எங்க? யாரு செஞ்சது இத?"

அப்போதுதான் பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எழுபது வயசாச்சு, இனிமேலாச்சும் சாப்பாட்டப் பாத்துட்டு ஊசி போடுங்க," என்றார். அழைப்பிதழில் பன்னிரண்டு முப்பது என்றுதானே போட்டிருந்தது, தப்பு அச்சடித்தவன் மேல் என்றார் ராஜசேகரன். அவர் முழுசாகத் திரும்பிவிட்டார் என்பது உறுதியாயிற்று.

ஒன்றே முக்காலுக்கு லோஷினி வந்தாள். வாசலில் கொடுத்த வெள்ளைக் காலுறையோடு, தலை கலைந்து, மூச்சிரைக்க. பாலத்தில் இரண்டு மணி நேரம் பஸ் நகரவில்லை, பாதியில் இறங்கி நடந்தாளாம். எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடச் சொல்லத்தான் எட்டுமுறை கூப்பிட்டேன், ஏன் யாரும் எடுக்கவில்லை என்று கேட்டாள். பேச்சியம்மாள் மரப்பெட்டியைக் காட்டினார்.

லோஷினி ஏழாவது இருக்கையில் உட்கார்ந்ததும் லோகேஸ்வரன் பெரிய மணியை அடித்தார். ஏழு மூச்சும் சேர்ந்துவிட்டன, பயணம் இப்போது தொடங்குகிறது என்று அறிவித்தார். ஏழு பேர் முன்னாலும் மூடி போட்ட கறுப்புக் கிண்ணங்கள் வந்தன. ராஜசேகரன் மூடியைத் தூக்கி, உள்ளே பார்த்து, வெறும் கிண்ணம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆவிதான் அங்கிள் என்றார் லோகேஸ்வரன். ஆவியில்தான் ஒரு காலத்தில் இஞ்சினே ஓடியது, அதற்கும் கீழே கரி போட வேண்டியிருந்தது என்றார் ராஜசேகரன்.

லோகேஸ்வரன் திகைத்துப்போனார். வந்ததிலிருந்து தன்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் இப்படி மாறிவிட்டதை அவரால் ஏற்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பாராட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அங்கிள் எழுதியதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டப்போவதாகச் சொல்லி, லோஷினிக்குக் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்.

"'எல்லாம் சரிதான். மிக்க நன்று. இப்படியே நடத்துங்கள். ஒரு குறையும் இல்லை. எல்லாம் சரிதான்.'"

லோஷினி அப்பாவை வெறித்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அம்மா காலியான தேநீர்ப் பையைத் தூக்கிக் காட்டினார். லோஷினிக்குப் புரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று.

தன் கண்ணாடி வேண்டும் என்றார் ராஜசேகரன். விடுதல் அறையைப் பயணம் முடியாமல் திறக்க முடியாது என்று சொல்லி லோகேஸ்வரன் தயானந்தனைத் திரும்பிப் பார்த்தார். தயானந்தன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். விடியற்காலையில் பசியாறியவர், அதன் பிறகு பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை.

"திறந்து குடுத்துரலாமா, செஃப்?"

"சரி," என்றார் தயானந்தன். "சரிதான்."

கைப்பை வந்தது. ராஜசேகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். கோடு போட்டாற்போல் எழுதுகிறவர். இந்த வரிகளோ ஒவ்வொன்றும் வலது ஓரத்துக்குப் போகப்போகக் கீழே சரிந்திருந்தன. முந்திய பக்கத்தைத் திருப்பினார். சிங்கப்பூர்ப் பெண்ணுடையது, அதுவும் சரிந்திருந்தது. இன்னும் முன்னால் போனார். போன மாதம், போன ஆண்டு, கடை திறந்த வாரம். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எல்லாம் மிக நன்று, ஒரு குறையும் இல்லை. பக்கம் பக்கமாக எல்லா வரிகளும் ஒரே பக்கமாகச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தன.

முப்பத்து மூன்று ஆண்டுகள் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் பசியிலும் தூக்கத்திலும் சரித்து எழுதிய பதிவேடுகளைப் படித்துக் கையெழுத்துப் போட்ட மனிதர், புத்தகத்தை மெதுவாக மூடினார். கண்ணாடியைக் கழற்றாமலே லோகேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இவங்களுக்கெல்லாம் எழுதறப்ப சீனி எவ்ளோ இருந்துச்சு?"